அவள் கேட்டதும் நான் சொன்னதும்

1

நம் சபையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஊரிலிருந்து செய்தி வந்திருக்கிறது. 'அந்நிய மண்ணில் விசுவாச வாழ்க்கை' என்று தலைப்பும் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டுமாம். நான் பினாங்குக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தோரு வருடம் ஆகிறது. இதற்கு முன் மூன்று முறை மலருக்கு எழுதியிருக்கிறேன். மூன்றிலும் விஷயம் ஒன்றுதான்: வேலை போனது, ஜெபித்தேன், வேலை கிடைத்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்தது, ஜெபித்தேன், காய்ச்சல் போனது. நீங்களும் போட்டீர்கள்.

இந்த முறை எழுதுவது ஒரு பக்கத்தில் அடங்காது. நீங்கள் போடவும் மாட்டீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாமில், ஒரு அடுக்குமாடியின் ஆறாவது தளம். வந்த புதிதில் பேருந்தில் இந்தப் பெயரைக் கேட்டபோது யாரோ ஒரு பேராயர் பெயரில் அமைந்த ஊர் என்று நினைத்து மகிழ்ந்தேன். மலாயில் ஆயர் என்றால் தண்ணீர், ஈத்தாம் என்றால் கறுப்பு. கறுப்புத் தண்ணீர் ஊரில் பிஷப்பைத் தேடிய அப்பா என்று என் மகள் பெனிட்டா சின்ன வயதில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துச் சொன்ன கதைகளில் எனக்கு இப்போது நினைவில் நிற்பது அது ஒன்றுதான்.

காலை ஐந்தரைக்கு எழுந்து வேதம் வாசிப்பேன். நானும் என் மனைவி எஸ்தரும் முழங்காலில் நின்று ஜெபிப்போம். ஆறரைக்குத் தொழிற்சாலை வேன் வரும். இருபத்தோரு வருடத்தில் இந்த வரிசை மாறியதில்லை. முத்துலட்சுமி தடுப்பு முகாமில் இருந்த நாட்களிலும் மாறவில்லை.

2

நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு, நம் கோயில் வாசலில் பெரியவர்கள் என்னிடம் இரண்டு விஷயங்கள் கேட்டு வாக்கு வாங்கினார்கள். "சபையை விட்டுராத. தண்ணி தொட்டுராத." இரண்டையும் காப்பாற்றினேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதே இரண்டு கேள்விகள்தான். "சபைக்குப் போறியாப்பா? கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையே?" இல்லை என்று சொன்னால் தோளில் தட்டிக்கொடுப்பார்கள். அங்கே நீ யாருக்கு என்ன செய்தாய், யாருக்கு எதைச் செய்யாமல் விட்டாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருப்பேன்.

இங்கே நாங்கள் போகும் சபை ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. ஆராதனை ஆங்கிலத்தில். பெரும்பாலும் சீனர்கள். பின்வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பிரசங்கத்தைத் தமிழில் சொல்வதும், அவர்களில் யாராவது சாட்சி சொன்னால் அதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் ஊழியம். ஊழியம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.

என்னை அந்தச் சபைக்கு அழைத்துப் போனவர் டேனியல். அவருடைய தாத்தா இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். பேரன் சரக்குக் கம்பெனி நடத்துகிறார். சபையின் மூப்பரும் அவர்தான். என் முதல் வேலை போய், விசா முடிய மூன்று வாரமே இருந்தபோது இன்னொரு தொழிற்சாலையில் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். அதை நான் மறுக்கவே முடியாது. பிறகு நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பித்தபோது எனக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அந்த அனுமதி கிடைத்தவர்களுக்கு இங்கே சிவப்பு அடையாள அட்டை கொடுப்பார்கள். சிவப்பு ஐசி என்போம். அதற்காக ஒவ்வொரு முறையும் குடிநுழைவுத் துறை முகப்பில் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "இன்னும் பரிசீலனையில்" என்று மலாயில் சொல்லுவார்கள். எனக்கு அந்த மொழியில் முதலில் பிழையில்லாமல் வந்த வாக்கியம் அதுதான்.

3

முத்துலட்சுமி டேனியல் வீட்டில் வேலை செய்தாள். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இல்லை. காவ்யா என்ற மகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஒரு முகவர் அனுப்பியிருந்தார். இரண்டு வருடம் முடிந்தபோது அவளைக் கேட்காமலே அனுமதியைப் புதுப்பித்துவிட்டார்கள். பாஸ்போர்ட், இங்கே பத்திரிகைகளில் கடப்பிதழ் என்று எழுதுவார்கள், அது டேனியலின் மனைவி ரூத் அக்காவின் பீரோவில் இருந்தது.

அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அவர்கள் சாப்பிடுவதையே அவளும் சாப்பிட்டாள். ஆனால் வாசல் கதவுச் சாவி அவளிடம் கிடையாது. வாரத்தில் அவள் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டும்தான். பின்வரிசைப் பையன்களோடு உட்கார்ந்து நான் சொல்லும் தமிழைக் கேட்பாள். ஆராதனை முடிந்ததும் கிடைக்கிற அரை மணி நேரத்தில் எஸ்தரிடம் ஊர்ப் பேச்சு பேசுவாள். பெனிட்டாவின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்து, "எம் மவளுக்கும் இதே மாதிரி சுருட்டை" என்பாள். பெனிட்டா அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்களோடு சபைக்கு வருவதே அரைமனதாக. ஆனால் முத்துலட்சுமி வந்திருக்கிறாளா என்று பின்வரிசையைத் திரும்பிப் பார்ப்பாள்.

ஒருநாள் ரூத் அக்கா மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். "சாமுவேல், நம்ம முத்து ஞானஸ்நானம் எடுக்கிறாளாம். அவளே கேட்டா. நான் ஒன்னும் கட்டாயப்படுத்தல, லா." இங்கே பிறந்தவர்கள் பேச்சின் முடிவில் இந்த 'லா'வை ஒட்டிக்கொள்வார்கள்.

அவளே கேட்டது உண்மைதான். ஏன் கேட்டாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஞானஸ்நானம் எடுப்பவர்கள் எல்லோர் முன்னாலும் மைக்கில் பேசுவதை அவள் இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

4

எங்கள் சபையில் மேடைக்குப் பின்னாலேயே ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. அன்று மூன்று பேர். அவள் மூன்றாவது. வெள்ளை அங்கி அவளுக்குப் பெரிதாக இருந்தது, கைகளை மடித்துவிட்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நான்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு முத்துலட்சுமி. அக்கா வீட்டுல வேல பாக்குறேன். அக்காவும் ஐயாவும் நல்லவங்க. சோறு துணிக்கு ஒரு கொறையும் இல்ல."

ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு வருசம்னுதான் வந்தேன். மூணே முக்கா வருசம் ஆயிருச்சு. எம் மவ பெரியமனுசி ஆயிட்டா. தண்ணி ஊத்தக்கூட நான் பக்கத்துல இல்ல. இப்ப அவ போன்ல எங்கிட்டப் பேச மாட்டேங்குறா. நான் வீட்டுக்குப் போவணும். என் பாஸ்போட்டு அக்கா பீரோவுல இருக்கு. அதைக் குடுக்கச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள ரெண்டு தடவ கேட்டேன். அப்பறம் பாக்கலாம்னுட்டாங்க. நீங்க இத்தன பேரு சாமி கும்புடுறவங்க. உங்க முன்னாடி கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்கன்னுதான் கேக்குறேன்."

பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இனி உன் முறை என்பதுபோல.

அந்த அரங்கில் தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவர்கள் ஐந்து பேர். டேனியல், ரூத் அக்கா, எஸ்தர், பெனிட்டா, நான். மூன்றாவது வரிசையில் டேனியல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை, தலையசைக்கவில்லை, வெறுமனே பார்த்தார். அவர் மிரட்டினார் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: இந்தச் சகோதரி வீட்டுக்குப் போக ஏங்குகிறாள். பரம பிதாவின் வீட்டுக்கு. அவளுடைய மகளும் இந்த இரட்சிப்பை அறியவேண்டும் என்று, ஜெபிக்கிற நீங்கள் எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள்.

அரங்கம் கை தட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு சீனப் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முத்துலட்சுமிக்குத் தெரிந்த சில ஆங்கிலச் சொற்களில் 'ஹோம்' ஒன்று. அது என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டாள். உடனே எல்லோரும் கை தட்டுவதைப் பார்த்தாள். ஆங்கிலம் தெரியாத பின்வரிசைப் பையன்களும் அதையே நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டு கைகளையும் கூப்பி எல்லாப் பக்கமும் கும்பிட்டாள். சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினாள்.

ஆராதனை முடிந்து காப்பிக் கோப்பையோடு நிற்கும்போது டேனியல் வந்து என் முழங்கையைத் தொட்டார்.

"நல்லா சொன்னீங்க, சாமுவேல்."

5

இதை நான் இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

நம் ஊரில் என் அப்பா கோயில்குட்டியாக இருந்தது உங்களில் வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மணி அடிப்பார், பாய் விரிப்பார், விளக்கு துடைப்பார். நான் ஏழாவது படித்தபோது, அறுவடை ஸ்தோத்திர ஆராதனையில், நம் பள்ளிக்கூடத்து ஆயா எழுந்து நின்றார். நிர்வாகி தன்னை எப்படி நடத்துகிறார் என்று சொல்லத் தொடங்கினார். முழு வாக்கியம் ஒன்றுகூட முடியவில்லை. உபதேசியார் கீர்த்தனை ஒன்றைத் தூக்கினார். ஆர்மோனியம் சேர்ந்துகொண்டது. சபை முழுவதும் பாடியது. ஆயாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. எத்தனை சரணம் பாடினோம் என்று தெரியாது. அவர் உட்காரும்வரை பாடினோம். நானும் பாடினேன். எனக்கு நல்ல குரல்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "ஆலயத்துக்குள்ள சண்ட போடக்கூடாதுல, அதான்" என்றார். சாந்தமான மனிதர் அவர். ஊரில் அவரைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை. நானும் அவரைப் போலவே ஆகிவிட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

6

அன்று பேருந்தில் வீடு திரும்பியதும் பெனிட்டா கதவைத் திறந்து உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"அவங்க சொன்னது அது இல்லப்பா."

"மெதுவா பேசு."

"மைக்ல நின்னு பொய் சொன்னீங்க. சர்ச்ல. அவங்க பாஸ்போர்ட் கேட்டாங்க, நீங்க ஹெவன்னு சொல்றீங்க."

எஸ்தர் இடையில் வந்தாள். "அப்பா தனியா டேனியல் அங்கிள்கிட்ட பேசுவாங்க. எல்லார் முன்னாலயும் சொன்னா அவங்களுக்கு அசிங்கம்தானே?"

தனியாகப் பேசினேனா? பேசினேன். ஒருமுறை, சாப்பாட்டு மேசையில், பாதி வாக்கியம். "நீங்க என்னா இத பெருசா எடுக்குறீங்க," என்றார் டேனியல். "அடுத்த வருசம் அனுப்பிடுவோம்லா. இப்ப போனா ரூத்துக்குக் கஷ்டம், முதுகு வலி இருக்கு இல்ல." நான் ஆமாம் என்றேன். ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டோம். பரிமாறியவள் முத்துலட்சுமி.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவள் என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, எல்லாரும் சரின்னு கை தட்டுனாங்களே. டிக்கெட்டு எப்பண்ணே போடுவாங்க? மவகிட்ட வர்றேன்னு தங்கச்சிய விட்டுச் சொல்லிட்டேன்." நான் பொறுமையாயிரு என்றேன். ஜெபம் பண்ணு என்றேன். அவளோடு நின்று கண்ணை மூடி ஜெபிக்கவும் செய்தேன். நான் செய்ததிலேயே எனக்கு இன்றும் குமட்டுவது அந்த ஜெபம்தான். எனக்கு அழுகை வந்தது. அதனால் அது உண்மையான ஜெபம் என்று நம்பினேன்.

பெனிட்டா காத்திருக்கவில்லை. போதகரிடம் போய்விட்டாள். அவர் இளைஞர், சீனர், நேர்மையானவர். என்னை அலுவலகத்துக்கு அழைத்து ஆங்கிலத்தில் நேரடியாகக் கேட்டார். அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாளாமே, பாஸ்போர்ட்டைப் பற்றிப் பேசினாளாமே, உண்மையா?

பெனிட்டா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குத் தமிழ் வரவேண்டும் என்று ஊரிலிருந்து பாடப்புத்தகம் வரவழைத்தவன் நான். அவள் தமிழ் போதாது என்று வருடக்கணக்காக உங்களிடமெல்லாம் புலம்பியவன்.

"என் மகள் இங்கேயே வளர்ந்தவள், பாஸ்டர்," என்றேன். "அவளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்."

அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். போதகர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

7

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது முத்துலட்சுமி கழிப்பறைக்குப் போவதுபோல எழுந்து வெளியே போனாள். வாசலில் பெனிட்டா காத்திருந்தாள். இருவரும் பேருந்தில் ஆயர் ஈத்தாமுக்கே வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு இல்லை. அதே அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் இருக்கும் பரமேஸ்வரி வீட்டுக்கு. பரமேஸ்வரி தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர், தனியாக இருப்பவர். பத்து வருடமாக அவருக்கு நான் கிறிஸ்துமஸ்தோறும் கேக்கும் துண்டுப்பிரசுரமும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்காரி ஓடிவிட்டாள் என்று டேனியல் புகார் கொடுத்தார். அந்தப் புகார் இருக்கும்வரை அவள் சட்டவிரோதமானவள். கோலாலம்பூரில் தூதரகம் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவசரப் பயண ஆவணம் கொடுக்கலாம்; ஆனால் குடிநுழைவுத் துறை அவளை விட வேண்டுமே. அவள் ஓடவில்லை, கேட்டும் பாஸ்போர்ட்டைத் தரவில்லை என்று யாராவது எழுத்தில் சொன்னால் நல்லது என்று உதவிக்கு வந்த ஒரு வக்கீல் அம்மா சொல்லியிருக்கிறார்.

பெனிட்டா ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். அவள் பாதி எழுதி வைத்திருந்தாள்.

"அவங்க சர்ச்ல சொன்னத நீங்க எழுதிக் குடுங்க. நீங்கதான் பக்கத்துல நின்னீங்க. வேற எதுவும் வேணாம்."

அடுத்த மாதம் எனக்குச் சிவப்பு ஐசி நேர்காணல். பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. பொறுப்பாளராக டேனியல் கூட வரவேண்டும்.

"ஒரே ஒரு மாசம் பொறும்மா. இன்டர்வியூ முடியட்டும். முடிஞ்ச மறுநாளே எழுதித் தர்றேன்."

"அவங்களால கீழ போய் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியல, அப்பா."

"ஒரு மாசம்தானே."

அவள் தாளை எடுத்து மடித்துக்கொண்டாள். எஸ்தர் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை.

பதினாறாவது நாள் காலை, பரமேஸ்வரிக்கு உடம்பு சரியில்லை என்று முத்துலட்சுமி முக்காட்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு இறங்கியிருக்கிறாள். இஞ்சியும் முருங்கைக்கீரையும் வாங்க. அன்று சந்தையில் சோதனை. ஆவணம் இல்லாதவர்களை லாரியில் ஏற்றினார்கள். நான் தொழிற்சாலையில் இருந்தேன். பெனிட்டா போன் செய்து, "ஹாப்பியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் நான் கடிதம் எழுதவில்லை. இன்னும் இரண்டு வாரம்தானே நேர்காணலுக்கு என்று இருந்தேன். இந்த வரியை இங்கே எழுதாமல் விட்டுவிடலாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

8

தடுப்பு முகாம் கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கிறது. பெனிட்டாவும் பரமேஸ்வரியும் ஃபெரி ஏறிப் போய்வருவார்கள். சில நாள் பார்க்க விடுவார்கள், சில நாள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் நேர்காணலுக்குப் போனேன். டேனியல் என் பக்கத்தில் உட்கார்ந்து, இவரை எனக்கு நன்றாகத் தெரியும், நல்ல கிறிஸ்தவர் என்று அதிகாரியிடம் சொன்னார்.

மறுநாள் எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் வாசல் மணி அடித்தது. ரூத் அக்கா. தனியாக வந்திருந்தார். அன்று மின்தூக்கி ஓடவில்லை, ஆறு மாடியும் படியேறி வந்திருக்கிறார். முதுகு வலிக்காரர் மூச்சு வாங்க நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"பெனிட்டா இருக்காளா?"

பெனிட்டா வந்தாள். ரூத் அக்கா கைப்பையிலிருந்து முத்துலட்சுமியின் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கூடவே ஒரு கடிதம், கையெழுத்துப் போட்டது. அவள் ஓடவில்லை, போக அனுமதி கேட்டாள், நாங்கள் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை என்று ஆங்கிலத்தில் மூன்று வரி.

"டேனியலுக்குத் தெரியுமா அக்கா?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

"தெரியும். சண்டை. நான் இப்ப என் தங்கச்சி வீட்டுலதான் இருக்கேன்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கு முத்து பேசுனது எனக்கும் கேட்டுச்சு, சாமுவேல். நீங்க மாத்திச் சொன்னப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அந்தச் சந்தோஷத்த நெனச்சாத்தான் எனக்கு இப்ப பயமா இருக்கு."

நானும் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன், தாள் இதோ மேசையில் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். பெனிட்டா நின்றிருந்தாள். சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று வாரம் ஆனது. முத்துலட்சுமி பிடிபட்டபோது என்ன உடுத்தியிருந்தாளோ அதோடு விமானம் ஏறினாள். பரமேஸ்வரி வாங்கி வைத்திருந்த பையை உள்ளே அனுமதிக்கவில்லையாம். முகாமில் தலையில் பேன் பிடித்து முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள் என்று பெனிட்டா எஸ்தரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

9

சிவப்பு அட்டை வந்துவிட்டது. சபையில் எல்லோரும் கை குலுக்கினார்கள். கர்த்தர் நல்லவர் என்றார்கள். அதைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் அதற்குப் பதிலாகப் போதகரின் அறைக்குப் போய், நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் எழுந்து என் பக்கம் வந்தார். பிறகு என் தலைமேல் கைவைத்து, ஆண்டவர் உங்களை மன்னித்துவிட்டார் என்றார். அவர் வேறு என்ன சொல்ல முடியும்? அறைக்குள் போய் வெளியே வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். நடந்ததில் என் பங்குக்கு அவ்வளவுதான் செலவு.

இங்கே விசுவாசம் என்பது தனிப்பட்ட உறவு என்று அடிக்கடி சொல்வார்கள். எனக்கும் இயேசுவுக்கும் நடுவில் உள்ளது, சடங்கோ சம்பிரதாயமோ இல்லை என்று. நானே பின்வரிசைப் பையன்களுக்கு அதை நூறு முறை தமிழில் சொல்லியிருக்கிறேன். நான் அதைக் கதவு சாத்திய ஓர் அறையாக வைத்திருந்தேன். உள்ளே வேதம் உண்டு, கண்ணீர் உண்டு, சமாதானம் உண்டு. வெளியே ஒருத்தி நின்று தட்டினால், அவளுக்காகவும் உள்ளேயே ஜெபித்துக்கொள்ளலாம். அந்த அறையில் நான் போலியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். உண்மையாகத்தான் இருந்தேன். அதுதான் எனக்குப் புரியாத விஷயம். காலை ஐந்தரைக்கு உண்மையாக இருந்தவன், ஞாயிறு பத்து மணிக்கு அந்த மைக்கைப் பிடித்தபோது எங்கே போனான்? மொழிபெயர்ப்பவனிடம் இயேசு வேறு எதையும் கேட்டிருக்க மாட்டார். அவள் சொன்னதைச் சொல்லியிருந்தால் போதும். குடித்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பெனிட்டா கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சபைக்குப் போவதில்லை. மாதம் ஒருமுறை அம்மாவைப் பார்க்க வருவாள். என்னிடம் மரியாதையாக, ஆங்கிலத்தில் மட்டும் பேசுவாள். ஒருமுறை நான், "ஏம்மா தமிழ்ல பேச மாட்டேங்குற?" என்று கேட்டுவிட்டேன். "எனக்குத் தமிழ் அவ்வளவா தெரியாதேப்பா," என்றாள். குரலில் கோபமே இல்லை.

அதே நாள்தான் இன்னொன்றும் சொன்னாள். "முத்து அக்காவுக்கு நீங்க என்ன சொன்னீங்கன்னு இன்னும் தெரியாது. நான் சொல்லல. உங்களுக்காக இல்ல. அங்க ஒரு ஆளாவது நமக்காகப் பேசுனாங்கன்னு அவங்க நெனச்சிட்டு இருக்கட்டும்னு."

10

போன மாதம் பரமேஸ்வரியிடம் எண் வாங்கி முத்துலட்சுமியை அழைத்தேன். ஞாயிறு மத்தியானம். என் குரலை உடனே கண்டுகொண்டாள்.

"அண்ணே! நல்லா இருக்கீங்களா? அண்ணி எப்படி இருக்காங்க? பெனிட்டா பாப்பா?"

மகள் பத்தாவது படிக்கிறாளாம். தையல் வேலை செய்கிறாளாம். முடி வளர்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "நீங்க எனக்காக அத்தன பேரு முன்னாடி பேசுனீங்கண்ணே. அவங்கதான் கேக்கல. அத நான் மறக்க மாட்டேன்."

அங்கேயே வைத்துவிட்டிருக்கலாம். பெனிட்டா விரும்பியதும் அதுதான். ஆனால் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் காலை முழங்காலில் நிற்க என்னால் முடியாது என்று தோன்றியது. அவளுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா என்று இன்றும் தெரியவில்லை. சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போகணும் என்று நீ சொன்னதை நான் மாற்றிவிட்டேன் என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப எல்லாரும் எதுக்குக் கை தட்டுனாங்க?"

"நீ பரலோகத்துக்குப் போக ஆசைப்படுறதாச் சொன்னேன்."

"நீங்க சர்ச்சுல சொல்லுவீங்களே, அந்தப் பரலோகமா?"

"அதுதான். செத்த பிறகு போற எடம்."

குக்கர் விசில் அடித்தது. யாரோ அடுப்பை அணைக்கும் சத்தம்.

"எனக்குச் சாவணும்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். "எம் புள்ளயப் பாக்கணும்னுல்ல நான் கேட்டேன்."

மன்னித்துவிடு என்றேன். அது கேட்டதா என்று தெரியவில்லை. பின்னால் ஒரு சிறுமியின் குரல் வந்தது. "யாரும்மா போன்ல?"

"யாரோ," என்றாள் முத்துலட்சுமி. "மலேசியாவுலேர்ந்து."

பிறகு இணைப்பு அறுந்தது.